பழைய காலனிய வரைபடங்களில் அஞ்சல் சாலைகளை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அஞ்சல் என்ற சொல்லை இன்று கடிதப் போக்குவரத்து என்ற பொருளிலேயே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோலை மாற்றிக்கொண்டே ஓடும் பந்தயத்தை 'அஞ்சல் ஓட்டம்' என்று சொல்லும்போது, கை மாற்றிக் கொண்டுசெல்வது என்ற பொருளும் அச்சொல்லுக்குள் இருப்பது தெரிகிறது. ஆங்கிலத்தின் 'போஸ்ட்' என்ற சொல்லும், ஆளும் குதிரையும் மாறுவதற்காக வழியில் நிறுவப்பட்ட நிலையத்தைக் குறித்த லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். பழைய வரைபடம் ஒன்றில் அஞ்சல் சாலையைத் தேடுபவர் இந்த இரு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். கோடு எங்கே போகிறது என்பதைவிட, அஞ்சல் பை எங்கே, எந்த நாளில், யார் கையில் மாறியது என்பதே அத்தகைய வரைபடம் சொல்லும் முதன்மையான செய்தி. கோட்டை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள் பலரும் தவறான முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான்.

குடும்ப வரலாறு, பழைய கடித உறைகள், ஊர் வரலாறு, வரைபடச் சேகரிப்பு ஆகியவற்றில் ஈடுபட்டிருப்பவர்களை எண்ணி இதை எழுதுகிறேன். முதன்மை எடுத்துக்காட்டாக, ஹெர்மன் மோல் லண்டனில் வெளியிட்ட 1715ஆம் ஆண்டின் வட அமெரிக்க வரைபடத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் அமெரிக்கக் காலனிகளில் அஞ்சல் வழிகளைக் காட்டிய முதல் வரைபடம் என்று அறியப்படுவது அது. ஒப்பீட்டுக்காக, கிழக்கிந்தியக் கும்பெனியின் நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னல் இந்தியாவில் வரைந்தவற்றையும் இடையிடையே தொடுவேன்.

முதல் படி: வரைபடப் பிரதியைத் தேர்ந்தெடுத்தல்

இணையத்தில் கிடைக்கும் சிறிய படங்கள் இந்த வேலைக்கு உதவா. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பு, ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகம், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் போன்றவை பழைய வரைபடங்களை மிக நுண்ணிய தெளிவுடன் ஒளிவருடி, எவரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அங்கே கிடைக்கும் மிகப் பெரிய கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கும் குறிப்பைப் படிக்க முடிகிறதா என்பதே போதுமான தெளிவுக்கான சோதனை. அதனுடன், பக்கத்தில் ஒரு நோட்டு, ஓர் அளவுகோல், அதே பகுதியின் இன்றைய வரைபடம் ஆகியவை இருந்தால் போதும்.

முடிந்தால் ஒரே வரைபடத்தின் இரண்டு படிகளை (பிரதிகளை) வெவ்வேறு நூலகங்களிலிருந்து எடுங்கள். அக்காலத்து வரைபடங்களில் கோடுகளும் எழுத்துகளும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டவை. வண்ணமோ அச்சான பிறகு கையால் தீட்டப்பட்டது. ஆகவே எல்லை வண்ணம் படிக்குப் படி மாறலாம். இரண்டு படிகளிலும் மாறாமல் இருப்பது தகட்டில் உள்ளது. மாறுவது தூரிகைக்காரரின் கைவேலையாகவோ, தகடு பின்னர் திருத்தப்பட்டதற்கு அடையாளமாகவோ இருக்கும்.

இரண்டாம் படி: வரைபடம் எதை உரிமை கோருகிறது என்று பார்த்தல்

எடுத்த எடுப்பில் சாலையைத் தேடாதீர்கள். தலைப்பு, காணிக்கை வாசகம், உள்படங்கள் ஆகியவற்றை முதலில் படிக்க வேண்டும். மோலின் வரைபடம், வட அமெரிக்கக் கண்டத்தில் பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சிப் பகுதிகளைக் காட்டும் புதிய, துல்லியமான வரைபடம் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது. 1713இல் உட்ரெக்ட் உடன்படிக்கை ஏற்பட்டு இரண்டே ஆண்டுகளில், பிரான்சுடன் எல்லைத் தகராறு ஓயாத வேளையில் வந்த வரைபடம் இது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1718இல் பாரிசிலிருந்து கியோம் தெலீல் வெளியிட்ட லூசியானா வரைபடம் பிரெஞ்சு உரிமையைப் பெரிதாக விரித்துக் காட்டியது. 1720இல் மோல் அதற்கு மறுப்பாக இன்னொரு வரைபடம் வெளியிட்டார். இரண்டு பேரரசுகளுக்கு இடையே தாளில் நடந்த இந்தச் சண்டையை அறிந்துகொண்டால்தான், எந்தக் கோடு நிலத்தில் இருந்தது, எது ஆசையில் இருந்தது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இவ்வரைபடம் சேகரிப்பாளர்களிடையே 'நீர்நாய் வரைபடம்' என்றே பெயர் பெற்றிருக்கிறது. நயாகரா அருவியின் கீழே பீவர்கள் வரிசையாக நின்று கட்டைகளைச் சுமந்து அணை கட்டும் ஓர் உள்படம் அதில் இருக்கிறது. தமிழில் பீவரை நீர்நாய் என்று சொல்வதுண்டு என்றாலும், இரண்டும் வேறு வேறு விலங்குகள். பழகிவிட்ட பெயரை விட்டுவிட மனமில்லாமல்தான் இங்கே அதைப் பயன்படுத்துகிறேன். அந்தக் காட்சி மோலின் சொந்தக் கற்பனை இல்லை. பிரெஞ்சு வரைபடக்காரர் நிக்கோலா த ஃபேரின் 1698ஆம் ஆண்டு வரைபடத்தில் வந்ததை ஒட்டி எடுத்தது. எதிரியின் எல்லையை மறுக்கிற வரைபடமே எதிரியின் படத்தை எடுத்தாள்கிறது. படமே இப்படிப் பயணம் செய்யும் என்றால் கடற்கரைக் கோடும் ஊர்ப் பெயரும் பயணம் செய்யாமல் இருக்குமா? ஒவ்வொரு கூறும் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வியைக் கடைசிவரை விடக்கூடாது.

இந்தப் படியின் முடிவில் நோட்டில் இரண்டு வரிகள் எழுதுங்கள். ஒன்று, வரைபடம் உரிமை கோரும் பரப்பு. மற்றொன்று, அஞ்சல் உண்மையில் ஓடிய பரப்பு. மோலின் வரைபடத்தில் முதல் வரி நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கரோலினாவரை நீள்கிறது. இரண்டாவது வரியோ பிலடெல்பியாவிலிருந்து இன்றைய நியூ ஹாம்ஷயர் கடற்கரைவரை மட்டுமே. தெற்கே வர்ஜீனியாவுக்கு ஒழுங்கான அஞ்சல் போகத் தொடங்கியது 1730களில், அலெக்சாண்டர் ஸ்பாட்ஸ்வுட் அஞ்சல் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். இந்த இரு வரிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது.

மூன்றாம் படி: காலத்தை உறுதிசெய்தல்

தலைப்பில் 1715 என்று இருப்பதால் உங்கள் கையிலுள்ள படி 1715இல் அச்சானது என்று கொள்ளக்கூடாது. செப்புத் தகடு விலை உயர்ந்த சொத்து. அது கைமாறும், விற்கப்படும், தேய்ந்த கோடுகள் மீண்டும் செதுக்கப்படும். மோலின் தகடு பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. தலைப்பின் ஆண்டு அப்படியே நிற்க, விற்பனையாளர் பெயர்கள் மட்டும் மாறின. தாமஸ் பௌல்ஸ், ஜான் பௌல்ஸ் ஆகியோரின் பெயர்கள் தென்பட்டால் அவர்கள் கடை எந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று பார்ப்பதே காலத்தைக் குறுக்குவதற்கான வழி.

தகடு திருத்தப்படுவதால் அஞ்சல் ஆய்வாளருக்கு எவ்வளவு பெரிய வேறுபாடு ஏற்படும் என்பதற்கு வர்ஜீனியா வரைபடம் நல்ல சான்று. ஜோசுவா ஃப்ரையும் பீட்டர் ஜெஃபர்சனும் 1751இல் முடித்த அந்த வரைபடத்தின் தொடக்கப் பதிப்பில் சாலை வலைப்பின்னல் இல்லை. ஜான் டால்ரிம்பிள் தந்த தகவல்களைக் கொண்டு 1755இல் திருத்தப்பட்ட பதிப்பில் சாலைகள் சேர்ந்தன. யாட்கின் ஆற்றிலிருந்து வர்ஜீனியா வழியாகப் பிலடெல்பியாவுக்குப் போகும் பெரும் சாலை 435 மைல் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. தொடக்கப் பதிப்பை மட்டும் பார்த்தவர் அங்கே சாலையே இல்லை என்று எழுதிவிடுவார். உண்மையில் சாலை இருந்தது, தகட்டில்தான் இல்லை.

நாட்காட்டியையும் மறவாதீர்கள். 1752வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் 24வரையிலான ஆவணங்களில் ஆண்டு ஒன்று குறைவாக எழுதப்பட்டிருக்கலாம். அமெரிக்கக் காலனிகளில் அஞ்சல் நடத்தும் உரிமையைத் தாமஸ் நீலுக்கு வழங்கிய அரச பட்டயம் 1691/92 பிப்ரவரி என்று இரட்டை ஆண்டுடன் குறிக்கப்படுவது இதனால்தான். நம் கணக்கில் அது 1692.

நான்காம் படி: கோட்டுக்கு முன் எழுத்தைப் படித்தல்

வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். மோலின் வரைபடத்தில் அஞ்சல் பற்றிய செய்தியின் பெரும்பகுதி கோட்டில் இல்லை, ஒரு பத்தியில் இருக்கிறது. 'கண்டத்தின் அஞ்சல் பற்றிய கணக்கு' என்ற பொருளுடைய தலைப்பின் கீழ், அஞ்சல் துறைத் தலைவர்கள் வகுத்த ஒழுங்கு அதில் விவரிக்கப்பட்டிருக்கிறது. அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

மேற்கு அஞ்சல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிலடெல்பியாவிலிருந்து புறப்பட்டு, பர்லிங்டனிலும் பெர்த் அம்பாயிலும் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, ஞாயிறு இரவு நியூயார்க் சேரும். தொலைவு 106 மைல். திங்கள் காலை நியூயார்க்கிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் அஞ்சல், வியாழன் நண்பகலில் சேபுரூக்கை அடையும்; தொலைவு 150 மைல். அங்கே பாஸ்டன் அஞ்சல் எதிர்கொள்ளும். நியூயார்க் ஆள் கிழக்குக் கடிதங்களோடும், பாஸ்டன் ஆள் மேற்குக் கடிதங்களோடும் திரும்புவார்கள். நியூ லண்டன், ஸ்டோனிங்டன், ரோட் ஐலண்ட், பிரிஸ்டல் ஆகிய இடங்களில் பைகள் இறக்கப்படும். பாஸ்டனிலிருந்து 70 மைல் தொலைவிலுள்ள பிஸ்கடவேக்குப் போகும் அஞ்சல் இப்ஸ்விச், சேலம், மார்பிள்ஹெட், நியூபெரி ஆகிய ஊர்களில் கடிதம் கொடுக்கும். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா மூன்றும் பெரிய அலுவலகங்கள்.

இப்போது நோட்டில் கிழமைகளை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பை எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். வெள்ளி புறப்பாடு, ஞாயிறு இரவு நியூயார்க், திங்கள் காலை மீண்டும் புறப்பாடு, வியாழன் நண்பகல் சேபுரூக். அங்கிருந்து நியூயார்க் ஆள் வந்த வேகத்திலேயே திரும்பினால், மூன்றரை நாளில், அதாவது ஞாயிறு இரவு நியூயார்க் வந்துவிடுவார். பிலடெல்பியா அஞ்சல் வந்து சேர்வதும் அதே ஞாயிறு இரவு. கிழக்குப் பையும் மேற்குப் பையும் ஒரே இரவில் ஒரே ஊரில் சந்திக்க, மறுநாள் விடியலில் சக்கரம் மறுபடி சுழலத் தொடங்குகிறது. வாரத்தின் ஏழு நாட்களும் ஒரு நாள்கூட வீணாகாமல் பொருந்துவதைக் கவனியுங்கள். நியூயார்க் ஏன் இந்த அமைப்பின் அச்சாணியாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கோட்டை மட்டும் பார்த்தால் நியூயார்க், வழியிலுள்ள இன்னொரு புள்ளிதான்.

அதே கணக்கிலிருந்து வேகமும் கிடைக்கிறது. நியூயார்க்கிலிருந்து சேபுரூக்குக்கு மூன்றரை நாளில் 150 மைல் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 மைல், அதாவது 69 கிலோமீட்டர். பிலடெல்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களையும் எண்ணினால் நாளுக்கு 35 மைல்தான். ஏன் இந்த மந்தம் என்று கேட்டு இன்றைய வரைபடத்தைப் பாருங்கள். பர்லிங்டன் டெலவேர் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது, பிலடெல்பியா மேற்குக் கரையில். பெர்த் அம்பாயைத் தாண்டியும் கடல்நீர் குறுக்கிடுகிறது. குதிரை விரைந்தாலும் படகுத்துறையில் காற்றுக்கும் ஓதத்துக்கும் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். சேபுரூக் கனெக்டிகட் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்திருப்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை. பெரிய ஆறு குறுக்கிடும் இடத்தில் கை மாற்றிக்கொள்வது எந்த ஓட்டக்காரருக்கும் இயல்பாகத் தோன்றும் ஏற்பாடு.

இன்னொன்று. பிலடெல்பியாவில் வெள்ளிக்கிழமை அஞ்சலைத் தவறவிட்டவருக்கு அடுத்த வெள்ளிதான். பழைய கடிதத்தில் எழுதிய நாளுக்கும் பெற்ற நாளுக்கும் இடையே 14 நாள் இடைவெளி இருந்தால், பாதி நாட்கள் சாலையில் கழிந்திருக்காது, மேசையில் கழிந்திருக்கும். கடித உறைகளை ஆராய்பவர்கள் இதை மறந்துவிட்டு, வழி மோசம், மழை அதிகம் என்றெல்லாம் காரணம் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: ஊர்ப் பெயர்களை அடையாளம் காணுதல்

அந்தப் பத்தியில் 'சீபுரூக்' என்று இருப்பது சேபுரூக், 'ஸ்டாமிங்டன்' என்பது ஸ்டோனிங்டன். எழுத்துப் பிழைகளை எளிதில் கண்டுகொள்ளலாம். சிக்கல் வேறு வகைப் பெயர்களில் இருக்கிறது. 'ரோட் ஐலண்ட்' என்று அஞ்சல் நிலையமாகச் சொல்லப்படுவது இன்றைய மாநிலம் முழுவதையும் குறிப்பதாகாது. அந்தப் பெயருடைய தீவையும், நடைமுறையில் அதிலிருந்த நியூபோர்ட் துறைமுகத்தையும் குறிப்பது. 'பிஸ்கடவே' என்பதோ இன்னும் பெரிய பொறி. நியூ ஜெர்சியில் அதே பெயரில் ஓர் ஊர் உண்டு, அதுவும் இதே அஞ்சல் வழிக்கு அருகிலேயே. நான் முதன்முறை இவ்வரைபடத்தைப் படித்தபோது அந்த ஊரைத்தான் பொருத்தினேன். பாஸ்டனிலிருந்து 70 மைல் என்ற கணக்கு இடித்த பிறகே தவறு விளங்கியது. இங்கே கருதப்படுவது வடக்கே பிஸ்கடகுவா ஆற்றங்கரையில், இன்றைய போர்ட்ஸ்மவுத் இருக்கும் இடம். அங்கிருந்து தெற்கே குடிபெயர்ந்தவர்கள் தங்கள் பழைய ஊர்ப் பெயரையும் கொண்டுபோனதால் வந்த குழப்பம் இது.

பட்டியலின் வரிசையையும் நம்பிவிடக் கூடாது. இப்ஸ்விச், சேலம், மார்பிள்ஹெட், நியூபெரி என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பாஸ்டனிலிருந்து வடக்கே போகிறவருக்கு மார்பிள்ஹெட்டும் சேலமும் முதலில் வரும், பிறகுதான் இப்ஸ்விச். எழுதியவர் பயண வரிசையில் எழுதவில்லை. இந்தப் பட்டியலை அப்படியே கோடு போட்டு இணைத்தால் குதிரைக்காரர் முன்னும் பின்னும் அலைந்ததாக ஆகிவிடும். ஒவ்வொரு பட்டியலையும் இன்றைய வரைபடத்தில் வைத்து வரிசையைச் சரிபார்த்த பிறகே வழியாகக் கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மைல்களை எடைபோடுதல்

பழைய ஆவணங்களில் மைல் என்பது எப்போதும் ஒரே நீளம் இல்லை. மக்கள் வழக்கில் மதிப்பிட்டுச் சொன்ன மைல், சக்கரம் உருட்டி அளந்த மைலைவிட நீளமாக இருப்பது வழக்கம். ஜான் ஒகில்பி 1675இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் சாலைகளை அளவுச் சக்கரம் கொண்டு அளந்து, 1760 கெஜம் கொண்ட மைலில், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் 100 தகடுகளாக வெளியிட்ட பிறகே அளந்த மைல் அங்கே பரவலாக வேர்பிடித்தது. காலனிகளில் அது வேர்பிடிக்க இன்னும் காலம் எடுத்தது.

சோதிக்கும் முறை எளிது. இன்றைய வரைபடத்தில் இரு ஊர்களுக்கு இடையே நேர்கோட்டுத் தொலைவை அளந்து, ஆவணத்தின் மைலை அதனால் வகுங்கள். பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் நேர்த்தொலைவு சுமார் 80 மைல். 106ஐ வகுத்தால் 1.3. பாஸ்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத்துக்கு நேரே சுமார் 50 மைல். 70ஐ வகுத்தால் 1.4. வளைந்து செல்லும் சாலைக்கு இவை நம்பத்தக்க விகிதங்கள். ஆனால் நியூயார்க்கிலிருந்து சேபுரூக் நேரே சுமார் 95 மைல். 150ஐ வகுத்தால் ஏறத்தாழ 1.6 வருகிறது. கடற்கரையில் பல சிற்றாறுகள் வழியை உள்ளே தள்ளும் என்பது உண்மைதான். இருந்தாலும் 106 என்பதுபோல் ஒற்றை எண்வரை சொல்லப்பட்ட தொலைவையும், 150 என்று வட்டமாகச் சொல்லப்பட்டதையும் ஒரே அளவு நம்பக்கூடாது. வட்ட எண்கள் பெரும்பாலும் மதிப்பீடுகள். என் நோட்டில் அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன்.

தொலைவுக்குப் பணத்தோடும் தொடர்பு இருந்தது. 1710ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் காலனிகளையும் ஒரே அஞ்சல் ஆட்சியின் கீழ் கொண்டுவந்து, நியூயார்க்கில் தலைமை அலுவலகம் அமைய வழிசெய்தது. அங்கிருந்து 60 மைலுக்குள் ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 4 பென்ஸ், 100 மைல்வரை 6 பென்ஸ் என்று கட்டணம் ஏறியது. மைல் எண்ணிக்கை ஒரு ஊரை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளக்கூடியது. எனவே வரைபடத்தில் வரும் தொலைவு பயணிக்கான தகவலாக மட்டும் இராமல், வசூல் கணக்கின் ஒரு பகுதியாகவும் இருந்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் அளவைச் சிக்கல் இன்னும் ஆழமானது. வட இந்தியாவில் தொலைவைக் கோஸ் கணக்கில் சொன்னார்கள். ஒரு கோஸ் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. ரென்னல் தம் வரைபடத்துக்குத் துணையாக எழுதிய நூலில் இந்தக் கோஸின் நீளத்தை மைலாக மாற்றும் சிக்கலோடு நெடுநேரம் போராடியிருக்கிறார். அளந்த பாதை, பயணிகள் சொன்ன பாதை, கோஸ் கணக்கில் கேட்டறிந்த பாதை ஆகியவற்றை அவர் ஒன்றாகக் கோத்த விதத்தைப் படித்த பிறகே அவருடைய கோடுகளின் மதிப்பு விளங்கும்.

ஏழாம் படி: கோட்டைத் தொடர்தல்

இப்போதுதான் கோட்டுக்கு வருகிறோம். முதலில் அளவுகோலைக் கொண்டு, வரைபடத்தால் எவ்வளவு நுணுக்கமாகக் காட்ட முடியும் என்று கணக்கிடுங்கள். ரென்னலின் 1782ஆம் ஆண்டு இந்துஸ்தான வரைபடம் நிலநடுக்கோட்டின் ஒரு பாகையை ஓர் அங்குலத்தில் அடக்கியது; அதாவது ஓர் அங்குலத்தில் சுமார் 69 மைல். இந்தியாவில் தபால் ஓட்டக்காரர்கள் ஏறத்தாழ 7, 8 மைலுக்கு ஒருமுறை பையைக் கை மாற்றினார்கள். அந்த வரைபடத்தில் 8 மைல் என்பது 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு நெல்மணியின் நீளத்தில் பாதிக்கும் குறைவான இடத்தில் ஓர் ஓட்டக்காரரின் முழு ஓட்டமும், இரவில் காட்டுவழியில் அவருக்கு வெளிச்சம் காட்டிய தீவட்டிக்காரரின் நடையும் அடங்கிவிடுகின்றன. ஆகவே அங்கே நிலையங்களைத் தேடுவதில் பயனில்லை. அவற்றுக்கு ரென்னல் 1778இல் தனியே வெளியிட்ட வங்காள, பீகார்ச் சாலை விவரணம் போன்ற நூல்களிடம்தான் போக வேண்டும். வரைபடம் நிலத்தைக் காட்டும், சாலை நூல் தொலைவைச் சொல்லும். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அடுத்து, கோடு எந்த வகை என்று பாருங்கள். இரட்டைக் கோடா, புள்ளிக் கோடா, வரைபடத்தில் குறியீட்டு விளக்கம் உண்டா என்று பார்த்து எழுதுங்கள். விளக்கம் இல்லையென்றால், எல்லைக்கும் ஆற்றுக்கும் சாலைக்கும் தகட்டுக்காரர் எந்தெந்த வெட்டு முறையைக் கையாண்டார் என்பதை நீங்களே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றைக் கோடு கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். பாலமா, துறையா, ஆழமில்லாத கடவா என்பதுதான் காலநிலைக்கேற்ற தாமதத்தைத் தீர்மானித்தது.

சாலை ஒன்றே என்று எண்ணிவிடவும் கூடாது. நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட அஞ்சல் வழிகள் இருந்தன. ஆளுநர் பிரான்சிஸ் லவ்லேஸ் 1673 ஜனவரியில் அனுப்பிய முதல் குதிரைக்காரர் ஹார்ட்ஃபோர்டு, ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்களின் வழியாக உள்நாட்டு வழியே போனார். பின்னால் வருபவர்களுக்கு உதவியாக மரங்களில் அடையாளமிட்டுப் போகும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதே ஆண்டில் டச்சுக்காரர்கள் நியூயார்க்கை மீண்டும் பிடித்ததால் அந்த ஏற்பாடு நின்றுபோனது. மோலின் பத்தி சொல்வதோ நியூ லண்டன் வழியான கடற்கரைப் பாதை. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு ஒரே கோடாக வரைந்துவிட்டால் நாற்பது ஆண்டு வரலாறு அழிந்துபோகும்.

எட்டாம் படி: வெளி ஆவணங்களோடு உரசிப் பார்த்தல்

வரைபடம் ஒழுங்கைச் சொல்லும். அந்த ஒழுங்கு நடைமுறையில் இருந்ததா என்பதை மற்ற ஆவணங்கள்தான் சொல்லும். முதலில் அஞ்சல் யார் பொறுப்பில் இருந்தது என்று பாருங்கள். தாமஸ் நீலுக்கு 21 ஆண்டுக்கு உரிமை கிடைத்தது. அவர் அமெரிக்கக் கரையை மிதிக்காமலேயே, ஆண்ட்ரூ ஹாமில்டன் அவருக்காக அங்கே அஞ்சலை நிறுவினார். 1707இல் அரசு அந்த உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆகவே மோலின் பத்தியில் அரசு ஏற்பாடாகத் தோன்றுவதன் அடித்தளத்தைத் தனியார் உரிமையில் ஹாமில்டன்தான் போட்டார்.

இந்தியாவுக்கும் இதே கேள்வியைப் போடலாம். வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774இல் அஞ்சலைப் பொதுமக்களுக்குத் திறந்து, 100 மைலுக்கு 2 அணா என்ற குறைந்தபட்சக் கட்டணத்தை வைத்து, முன்கட்டணத்துக்குச் செப்பு வில்லைகளையும் வெளியிட்டார். சென்னையில் 1786 ஜூன் 1 அன்று பொது அஞ்சலகம் தொடங்கியது. இந்த ஆண்டுகளுக்கு முந்தைய வரைபடத்தில் தபால் சாலை தென்பட்டால் அது பெரும்பாலும் கிழக்கிந்தியக் கும்பெனியின் சொந்தக் கடிதங்களுக்கான வழி. பொதுமக்கள் கடிதம் அதில் போனதாகக் கொள்ள முடியாது.

ஆய்வாளர்களின் நாட்குறிப்புகள் கிடைத்தால் அவற்றைவிடச் சிறந்த துணை வேறில்லை. அமெரிக்க அஞ்சல் சாலைகளின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்ட ஹியூ ஃபின்லே 1773, 1774 ஆண்டுகளில் வடக்கே மெய்ன் கடற்கரை தொடங்கித் தெற்கே சவானாவரை சுற்றி எழுதிய நாட்குறிப்பு, சாலையின் நிலை, அஞ்சலகக் கணக்கு, குதிரைக்காரர்களின் நடத்தை எல்லாவற்றையும் தொட்டுப் பேசுகிறது. அஞ்சல் பையில் ஏறாத தனிக் கடிதங்களையும் பொட்டலங்களையும் சொந்த வருமானத்துக்காகக் குதிரைக்காரர்கள் சுமந்த செய்தி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. வரைபடத்தின் நேர்த்தியான அட்டவணைக்குப் பின்னால் இப்படியும் ஒரு போக்குவரத்து இருந்தது என்பதை மனத்தில் கொண்டால், பழைய கடிதத்தில் அஞ்சல் குறியே இல்லாதது ஏன் என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும்.

ஒன்பதாம் படி: இன்றைய வரைபடத்தின்மேல் வைத்தல்

கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தலாம். பொருத்தும் புள்ளிகளாக ஆற்று முகத்துவாரங்களையும், இடம் மாறாத பழைய ஊர்களின் மையங்களையும் தேர்ந்தெடுங்கள். கடற்கரை வளைவுகளைத் தவிர்த்துவிடுங்கள், அவை வரைபடக்காரர் கையில் மிகுதியாக வளைந்தவை. மேற்குத் திசையில் பிழை பெரிதாக வளரும் என்பதையும் எதிர்பாருங்கள். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் நம்பகமான முறை 1715இல் இல்லை. உள்நாடு நோக்கிச் செல்லச் செல்லப் பொருத்தம் கலைவது உங்கள் தவறாகாது.

பொருத்தம் முடிந்ததும் கோட்டை அப்படியே நகலெடுக்காமல், நிலையங்களைப் புள்ளிகளாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு விவரங்களைப் பதியுங்கள்: வரைபடத்தில் எழுதியுள்ள பெயர், இன்றைய பெயர், பை வந்த கிழமை, தகவல் எந்தப் பதிப்பில் எந்த இடத்தில் கிடைத்தது. புள்ளிகளுக்கு இடையே ஆவணத்தில் உறுதியான பகுதியை முழுக் கோடாகவும், நீங்கள் ஊகித்த பகுதியைப் புள்ளிக் கோடாகவும் வரையுங்கள். நான் மோலின் வழியை அப்படி வரைந்தபோது, முழுக் கோட்டின் நடுவில் சேபுரூக் துறைக்கு எதிரே 'வியாழன், நண்பகல்' என்று எழுதி வைத்தேன்.